குல்மார்க்: சொர்க்கம் என்பவர் சொல்வதும் நிஜம், ஏமாந்தேன் என்பவர் சொல்வதும் நிஜம்

"பிப்ரவரியில் மனைவி, பத்து வயது மகன், அறுபத்தைந்து வயது அம்மாவோடு காஷ்மீரின் குல்மார்க் போகலாம் என்றிருக்கிறேன். மகனுக்கு ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்றுக்கொடுக்க ஆசை. போய்வந்தவர்களில் பாதிப் பேர் பூலோக சொர்க்கம் என்கிறார்கள், மீதிப் பேர் காசைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிற ஊர், போகாதே என்கிறார்கள். யாரை நம்புவது?" என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு தரப்பையும் நம்புங்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை திரும்பி வந்ததும் "இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று வீட்டில் சபதமே போட்டேன். மூன்றாவது முறை கிளம்பி வர மனசே இல்லை. முதல் முறை காலையில் ஸ்ரீநகரில் இருந்து போய் மாலையில் திரும்பினேன். மூன்றாவது முறை ஐந்து இரவு தங்கினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

குல்மார்க்கைப் பற்றிக் கருத்து சொல்கிறவர்கள் உண்மையில் இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று கீழே, வண்டி நிறுத்துமிடத்துக்கும் ரோப் கார் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். குதிரைக்காரர், பனியில் பலகை இழுக்கும் ஸ்லெட்ஜ்காரர், கோட்டு வாடகைக்காரர், கைடு, மேகி கடை, போட்டோ எடுப்பவர் எல்லாரும் அங்கேதான். இன்னொன்று மேலே, அஃபர்வட் மலைச்சரிவில். அங்கே போகிறவர் ஸ்கீ பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் பனியையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் ஊர்தான். ஆகவே ஒரு கருத்தைப் படிக்கும்போது, எழுதியவர் எத்தனை இரவு தங்கினார், எந்த மாதம் போனார் என்று முதலில் பாருங்கள். நட்சத்திரங்களை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

முதலில் மேலே இருக்கும் ஊர். ஆஸ்திரேலியாவில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் ஆட்கள் இவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம் ஓட்டலோ சாப்பாடோ கிடையாது, உயரம். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. ரோப் காரின் முதல் கட்டம், 1998-ல் வந்தது, கொங்டூரி வரைக்கும், அதாவது மூவாயிரம் மீட்டர் சொச்சத்துக்குக் கொண்டுபோகும். 2005-ல் திறந்த இரண்டாவது கட்டம் அங்கிருந்து கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. இறங்கி நின்றால் ஊர் 1,300 மீட்டர் கீழே கிடக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே நங்கா பர்பத் தெரியும். 8,126 மீட்டர் மலை, வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி தொலைவில் தனியாக நிற்கும். உலகத்தில் இவ்வளவு உயரத்துக்கு ரோப் காரிலேயே போய் ஸ்கீ போடக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

அப்புறம் பனி. மத்தியதரைக் கடல் பக்கம் பிறந்து, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும் மழைமேகங்கள் பீர் பாஞ்சால் மலைத்தொடரில் முட்டிக்கொண்டு சுமையை இறக்குகின்றன. ஒரே இரவில் இடுப்பளவு கொட்டும் நாட்களும் உண்டு. உயரமும் குளிரும் சேர்ந்ததால் அந்தப் பனியில் ஈரம் குறைவு. கையில் அள்ளினால் காய்ந்த கோலமாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்து போகும். உருண்டை பிடிக்க வராது. இதைத்தான் ஸ்கீகாரர்கள் "பவுடர்" என்கிறார்கள். கனடா, ஜப்பானில் புதுப்பனி விழுந்த காலையில் பத்து மணிக்குள் எல்லாரும் உழுது தள்ளிவிடுவார்கள். இங்கே ரோப் காரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஸ்கீ பலகையோடு வருபவர் சிலர்தான். அதனால் இரண்டு மூன்று நாள் கழித்தும் யாரும் தொடாத சரிவு கிடைக்கிறது. நன்றாகத் தெரிந்தவர்கள் காட்டு வழியாகப் பாபா ரேஷி தர்கா பக்கமோ திராங் பக்கமோ இறங்கி, கீழே இருந்து ஜீப் பிடித்துத் திரும்புவார்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் ஸ்கீயைக் கழற்றுவதை மூன்றாவது பயணத்தில் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், அந்த அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

செலவு ஸ்கீகாரர்கள் சொல்லும் இன்னொரு நல்ல விஷயம். அமெரிக்காவின் வேல் (Vail) மாதிரி ஊர்களில் சீசன் உச்சத்தில் ஒருநாள் லிஃப்ட் டிக்கெட்டே 300 டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் குல்மார்க்கில் அறை, சாப்பாடு, வாடகை ஸ்கீ எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

சரி, அவர்களே சொல்லும் குறைகள் என்ன? பனியைச் சமப்படுத்திய பாதைகள் மிகக் குறைவு. ஐரோப்பாவில் இரவெல்லாம் இயந்திரம் ஓட்டி மறுநாளுக்குப் பாய் விரித்த மாதிரி வைத்திருப்பார்கள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தரம் பிரித்துப் பலகை நட்டிருப்பார்கள். அஃபர்வட் சரிவு கிட்டத்தட்ட காட்டுமலைதான். ஓரளவு பழகியவர்கள், அதாவது சமப்படுத்திய பாதையில் தைரியமாக இறங்கத் தெரிந்தவர்கள், இங்கே வந்து திணறிப் போகிறார்கள். அவர்களுக்குக் கீழ்ச்சரிவு சலிப்பு, மேல்சரிவு பயம். எனக்குத் தெரிந்து அதிக ஏமாற்றத்தோடு திரும்புவது இந்த நடுத்தரக் கூட்டம்தான்.

இரண்டாவது குறை காற்று. பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பெரிய பனிப்பொழிவு முடிந்ததும் உடனே திறக்கவும் மாட்டார்கள், வெடி வைத்துப் பனிச்சரிவு வருகிறதா என்று பார்த்து, அபாயமில்லை என்று தெரிந்த பிறகுதான். இதற்காகவே வந்தவர் மூன்று நாள் ஓட்டல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த விஷயத்தில் நான் மூடுகிறவர்கள் பக்கம். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பனிச்சரிவு விழுந்து ராணுவ உயர்மலைப் போர்ப் பள்ளியின் வீரர்கள் 17 பேர் இறந்தார்கள். பனியில் பழகிய ஆட்கள் அவர்கள். 2023-ல் போலந்துக்காரர் இருவர், 2024-ல் ரஷ்யர் ஒருவர். 2017 ஜூனில் பலத்த காற்றில் ரோப் கார் மேல் மரம் சாய்ந்து 7 பேர் இறந்ததும் நினைவிருக்கும். இரண்டாம் கட்டத்தில் இருந்து, பாதுகாப்பான பகுதியைக் குறிக்கும் எல்லைக்கயிறு தாண்டிப் போகிறவர், பனியில் புதைந்தால் கண்டுபிடிக்கும் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் வைத்திருக்க வேண்டும், கூட வருபவருக்கு அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். சறுக்கத் தெரிந்தால் போதும் என்று போகிற இடம் அல்ல அது.

இப்போது கீழ் ஊருக்கு வருவோம். உங்கள் கேள்வியின் சூடு அங்கேதான்.

ஸ்ரீநகரில் இருந்து 50 கிலோமீட்டர்தான். கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்க்கில் இருந்து மலை ஏற்றம். பனி விழுந்திருந்தால் நீங்கள் வந்த வண்டி தங்மார்க்கோடு சரி. அங்கே டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும், அதற்குத் தனிக்காசு. இதை ஏமாற்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மேலே ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் வண்டியின் பின்பக்கம் தானாக அரையடி நகர்ந்தது. ஓட்டுநர் பேச்சை நிறுத்தாமல் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பி நேராக்கினார். அதற்குப் பிறகு நான் அந்தக் காசைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் அசல் ஏமாற்றும் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதுமே நாலு பேர் சூழ்ந்துகொண்டு "ரோப் கார் ரொம்ப தூரம், நடக்க முடியாது, குதிரை எடுங்கள்" என்பார்கள். பத்து பதினைந்து நிமிட நடைதான். "கைடு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்" என்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. "இன்று டிக்கெட் தீர்ந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது" என்பார்கள். ரோப் கார் டிக்கெட்டை அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சீசனில் நிஜமாகவே சில நாட்களில் தீர்ந்துவிடும். இரண்டு கட்டமும் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். முதல் பயணத்தில் என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். ஐந்நூறு ரூபாய் என்று பேசி ஏற்றிய ஸ்லெட்ஜ், பாதி வழியில் "இது ஒரு பாயிண்டுக்கு மட்டும்" என்று ஆனது. நாலு பாயிண்ட் முடிந்து இறங்கியபோது இரண்டாயிரம் கேட்டார். பனியில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சண்டை போட்டேன். போட்டு என்ன பயன், கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்த ஸ்லெட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. அது மரப்பலகை, ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிற்றைத் தோளில் போட்டு ஒரு மனிதர் நம்மை ஏற்றத்தில் இழுக்கிறார். என்னை இழுத்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலில் சாதாரண ரப்பர் பூட்ஸ், வாயில் இருந்து புகை மாதிரி மூச்சு. இருபது அடிக்கு ஒருதரம் நின்றார். நான் இறங்கி நடக்கிறேன் என்றதும் பயந்துபோய் "வேண்டாம், உட்காருங்கள்" என்றார். இறங்கினால் கூலி போய்விடுமோ என்று நினைத்திருப்பார். கடைசியில் சண்டை போட்டதும் இதே ஆளோடுதான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்ன தீர்ப்பு சொல்வதென்று தெரியவில்லை. அவர்களுக்குப் பனி வருமானம் வருஷத்தில் மூன்று மாதம்தான். அதிலும் நூற்றுக்கணக்கான பேர் முறை வைத்து நிற்கிறார்கள், ஒருவருக்கு நாளைக்கு ஒரு சவாரி கிடைத்தால் பெரிது. 2024 ஜனவரியில் பனியே விழாமல் குல்மார்க் மைதானம் காய்ந்த புல்லாகக் கிடந்தது. அந்த மாதம் அவர்கள் என்ன சாப்பிட்டார்களோ. இதைச் சொல்வதால் ஏமாறுங்கள் என்று அர்த்தமில்லை. ஏறும் முன்பே "போக, வர, எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசி, செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சு மாறும், திரையில் இருக்கும் எண்ணை மாற்றுவது கொஞ்சம் கஷ்டம். எதுவும் வேண்டாமென்றால் "நஹீன், சுக்ரியா" (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று காரணம் சொன்னீர்களோ, போச்சு.

பனி விழுமா என்பதே இப்போது பெரிய கேள்வியாகி இருக்கிறது. அங்கே டிசம்பர் 21-ல் இருந்து நாற்பது நாளைச் "சில்லை கலான்" என்பார்கள், கடுங்குளிரின் உச்சம். முன்பெல்லாம் அந்த நாற்பது நாளில் விழும் பனிதான் சீசனைத் தாங்கும். அண்மை வருஷங்களில் அது தள்ளிப் போகிறது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதாமல் பிப்ரவரியில் இருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே நீங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது சரி. முடிந்தால் நடு பிப்ரவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கிளம்புவதற்கு முன்னால் அங்கே நேரடியாக எடுத்த படங்களைப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் ஸ்ரீநகரில் ஒருநாள் கையிருப்பு வையுங்கள்; பனிமூட்டத்திலும் பனிப்பொழிவிலும் விமானம் ரத்தாவது அங்கே சகஜம்.

மகனின் ஸ்கீயிங். இதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி. முதன்முதலாகக் கற்பவருக்கு அஃபர்வட் தேவையே இல்லை. ஊருக்குள்ளேயே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய சின்னச் சரிவுகள் போதும். உட்கார்ந்து நழுவினாலும் அடிபடாத அளவுக்குத்தான் சாய்வு. மூன்று நாள், தினம் இரண்டு மணி நேரம், ஒரே பயிற்சியாளரிடம் விடுங்கள். இரண்டு மணி நேர ஒரே வகுப்பு என்பது வெறும் போட்டோவுக்கு. எனக்கு முதல் நாள் முழுக்க பூட்ஸோடுதான் போராட்டம். ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை மடக்கவே விடாது, காலில் வாளியைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். வேகம் பிடித்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்முனையில் பாரம் இருக்காது, திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, வேகம் இன்னும் கூடும். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: முன்னால் குனி. பள்ளத்தைப் பார்த்துக் குனிய நாற்பது வயது உடம்பு லேசில் ஒப்பாது. பக்கத்தில் ஏழு வயது உள்ளூர்ப் பையன் ஒருவன், மரப்பலகையில் கயிறு கட்டித் தானே செய்த ஸ்கீயில், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். உங்கள் மகனுக்குப் பத்து வயது, இரண்டாம் நாளே பிடித்துக்கொள்வான். வாடகைச் சாமான்களில் பழசு நிறைய இருக்கிறது. பூட்ஸ் கொக்கி சரியாக மூடுகிறதா, விழும்போது காலில் இருந்து பலகை கழல்கிறதா என்று நீங்களே சோதியுங்கள். கழலாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். அங்கே அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, இரண்டு வார வகுப்புகள் நடத்துகிறது. கல்லூரி வயதில் ஆர்வம் மிஞ்சியிருந்தால் அப்போது அனுப்பலாம்.

அவுலியோடு ஒப்பிட்டும் சிலர் பேசுகிறார்கள். உத்தரகாண்டின் அவுலி சரிவு சாதுவானது, கற்பவருக்கு ரொம்பத் தோது. ஆனால் 2023 ஜனவரியில் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் பிளந்ததும் அங்கிருந்து அவுலிக்கு ஏறும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். சாலைப் பயணமும் நீளம். அம்மாவோடு போவதென்றால் குல்மார்க்தான் சௌகரியம்.

தங்குமிடங்களைப் பற்றிய புகார்களில் பாதி, குளிரைப் பற்றிய புகார்தான். இரவில் சுழியத்துக்குக் கீழே பத்து பன்னிரண்டு டிகிரி சர்வசாதாரணம். நடுத்தர விடுதி ஒன்றில் எங்களுக்குக் காலையில் குழாயில் தண்ணீரே வரவில்லை, உள்ளேயே உறைந்துவிட்டது. ஒரு பையன் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப், கொஞ்ச நேரத்தில் குழாய் அழும்" என்றான். பத்து மணிக்கு அழுதது. அறை எடுக்கும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அறையைச் சூடாக்க என்ன வசதி, கரண்ட் போனால் என்ன, படுக்கையில் மின்போர்வை உண்டா என்று கேளுங்கள். ஊட்டிக்கு எடுத்துப்போகிற ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் இங்கே உள்சட்டைக்குத்தான் சமம். சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் நாலு நாளும் ராஜ்மா, பனீர், ரொட்டி என்று ஓடும், தயிர்சாதத்தை மறந்துவிடுங்கள். இன்னொன்று: வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு யாருக்கும் அந்தத் தயக்கம் வருவது நியாயம். குல்மார்க்கில் ராணுவம் எங்கும் கண்ணில் படும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கம் என்பதால் எப்போதுமே அப்படித்தான். போகிற வாரத்து நிலவரத்தைப் பார்த்து முடிவெடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி அறையைப் பதியுங்கள். இதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

அம்மாவை முதல் கட்டம் வரை அழைத்துப் போங்கள், இரண்டாம் கட்டம் வேண்டாம். 3,950 மீட்டரில் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ரோப் காரில் சில நிமிடத்தில் அங்கே போய் நிற்பதால் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே இல்லை. தலைவலியோடு படபடப்பும் வந்தால் பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீநகர்தான் வர வேண்டும். கொங்டூரியில் வெயில் படும் பக்கமாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் சூடாகக் காவா டீ வாங்கிக் கொடுங்கள், குங்குமப்பூவும் பாதாமும் போட்டது. தங்மார்க்கில் வாடகைக்கு எடுக்கும் பூட்ஸை அம்மாவுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். உள்ளே இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட இடம் வேண்டும்.